உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள்

எங்கள் சபைக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கையெழுத்து வாசிக்கிற மாதிரி இருக்கும், சாயங்காலம் வீட்டில் சும்மா இருப்பவன் என்ற மூன்று தகுதிகளால் மினிட்ஸ் நோட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. கூட்டத்தில் ஒரு தாளில் கிறுக்கிக்கொண்டு வந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டில் திருத்தமாக எழுதுவேன். போன வருடம் அசனத்துக்கு முந்தைய கூட்டத்தை அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு சொல்லில் பேனா நின்றது. இன்றைக்கும் அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் சரியாக நகர முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அசனம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் கோயில் கொடை விருந்து போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, சோறு, ஊரே உட்கார்ந்து சாப்பிடும். ஊரே உட்காரும் என்பது உண்மைதான். எந்த வரிசையில் உட்காரும் என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. தெற்குத் தெருவிலிருந்து ஒரு பையன் அந்த வருடம்தான் கமிட்டிக்கு வந்திருந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எழுந்து இரண்டே விஷயம் கேட்டான். யார் முதலில் வருகிறார்களோ அவர்களை முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். பரிமாறுவதில் தங்கள் தெருக்காரர்களும் இருக்க வேண்டும். "அரிசி மூட்டைய நாங்கதான் இறக்குதோம், அண்டாவ நாங்கதான் கழுவுதோம். குழம்பு வாளிய மட்டும் ஏன் ஐயா எங்க கையில தர மாட்டேங்கிறீங்க?"

சாதி என்ற சொல்லை அன்றைக்கு யாரும் உச்சரிக்கவில்லை. எங்கள் சபையில் அந்தச் சொல்லுக்குப் பதில் 'தெரு' என்று ஒரு சொல் இருக்கிறது.

பதில் சொன்னவர் எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதாகமத்தில் எந்த வசனம் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர். கெட்டவர் இல்லை, அதையும் எழுதிவிட வேண்டும். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று ராத்திரி கூட இருந்தவர். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல. இது பவுல். தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே. இது ஆண்டவரே சொன்னது. முதல் பந்தியில உட்காந்தா பரலோகம் சீக்கிரம் கிடைச்சிருமா? உள்ளத்தப் பாருங்க. சபைக்குள்ள அரசியலக் கொண்டாராதீங்க."

வசனம் வந்துவிட்டால் எங்கள் கூட்டங்களில் எதிர்ப்பேச்சு நின்றுவிடும். ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையன் உட்கார்ந்துவிட்டான். ஒரு நிமிஷம் கழித்து அண்ணாச்சிக்கே மனசு கேட்கவில்லை போல. "சரி, ரெண்டு தெருக்காரங்களும் உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கோங்க. அடுத்த பொருள் என்ன, மைக் செட்டா?" என்றார்.

ராத்திரி நோட்டில் இந்த இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறது என்று அண்ணாச்சி எடுத்துரைத்தார். இரு தெருவாரும் உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரே மனிதர், ஒரே சொல், பத்து நிமிஷ இடைவெளி. முதல் 'உங்களுக்குள்' ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சுக்குள் தேட வேண்டிய இடம். இரண்டாவது 'உங்களுக்குள்' இரண்டு தெருக்கள் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்க வேண்டிய இடம். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

அந்த வசனம் என்னுடையதும்தான்

அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறது என்ற அந்த லூக்கா 17:21 என் வசனம். திருமண்டலத் தேர்தல்களை, அதாவது பல சபைகள் சேர்ந்த மறைமாவட்டத்தின் நிர்வாகத் தேர்தல்களை, உள்ளே இருந்து பார்த்தவர்களுக்குப் புரியும். அணி, எதிரணி, வேன், நோட்டீஸ், ஜெயித்தவர் மேல் வழக்கு, தோற்றவர் மேல் வழக்கு. ஒரு தேர்தலில் நானும் ஒரு அணிக்காக வீடு வீடாக அலைந்தேன். முடிந்தபின் நெடுநாள் பழகிய ஒருவர் வழியில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அன்றைக்கு டைரியின் முதல் பக்கத்தில் அந்த வசனத்தை எழுதிவைத்தேன். ராஜ்யம் மண்டல அலுவலகத்தில் இல்லை, நாற்காலியில் இல்லை, என் உள்ளே இருக்கிறது. எவ்வளவு நிம்மதி! அதற்குப்பின் ஏழெட்டு வருடம் எந்தச் சண்டையிலும் நான் வாய் திறக்கவில்லை. ஆவிக்குரிய முதிர்ச்சி என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். பையன் உட்கார்ந்தபோதும் நான் வாய் திறக்கவில்லை. அதற்கும் அதே பெயர்தான் வைத்திருப்பேன், நோட்டில் பேனா நிற்காமல் இருந்திருந்தால்.

அன்றிரவு, வேதாகமத்தில் ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் பட்டியலிடும் ஒத்தவாக்கிய அகராதியை எடுத்தேன். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில், அதாவது இன்றைக்கும் சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலானவற்றில் வாசிக்கப்படும் 19ஆம் நூற்றாண்டுத் தமிழில், 'உங்களுக்குள்ளே' எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தேன். கடைசி இராப்போஜனத்தில் இயேசு பாத்திரத்தை எடுத்துக் கொடுக்கிறார்: "நீங்கள் இதை வாங்கி, உங்களுக்குள்ளே பங்கிட்டுக்கொள்ளுங்கள்." இதுவும் லூக்காதான், 22ஆம் அதிகாரம். மாதாமாதம் திருவிருந்தில் மண்டியிடுகிற எனக்கு இது உறைத்ததே இல்லை. அடுத்தது மத்தேயு 20. யாக்கோபும் யோவானும் வலது பக்கமும் இடது பக்கமும் நாற்காலி கேட்கிறார்கள், அதுவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய். புறஜாதியாரின் அதிகாரிகள் ஜனங்களை இறுமாப்பாய் ஆளுகிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் சொல்கிறார்: "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது." இந்த இரண்டு இடத்திலும் 'உங்களுக்குள்ளே' என்பதை நெஞ்சுக்குள் என்று எந்தத் தமிழனும் வாசிக்க மாட்டான். பாத்திரத்தை நெஞ்சுக்குள் பங்கிட முடியாது.

இதை வைத்து மூலத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதும் தெரியும். லூக்கா 17இல் உள்ள கிரேக்கச் சொல் என்டோஸ். மேலே சொன்ன மற்ற இரண்டு இடங்களிலும் இருப்பது வேறு சொற்கள். என்டோஸ் என்பதன் நேர்ப்பொருள் 'உள்ளே'. புதிய ஏற்பாட்டில் அது இன்னும் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: பாத்திரத்தின் உட்புறத்தை முதலில் சுத்தமாக்கு என்று பரிசேயனிடம் சொல்லும் மத்தேயு 23. லூத்தர் 'உள்ளுக்குள்ளே' என்றுதான் ஜெர்மனில் போட்டார். 1611இன் ஆங்கில வேதாகமமும் அப்படித்தான். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகென் என்ற கிறிஸ்தவ அறிஞரும் அப்படித்தான் வாசித்தார். எதிர்த்தரப்பின் கேள்வி எளிமையானது. இயேசு இதைச் சொன்னது யாரிடம்? பரிசேயரிடம், அவரோடு ஓயாமல் தர்க்கம் செய்த யூத மதப் பிரிவினரிடம். உங்கள் உள்ளத்தில் தேவ ராஜ்யம் இருக்கிறது என்று அவர்களைப் பார்த்தா சொல்லியிருப்பார்? அதனால் 'உங்கள் நடுவே' என்பது பிந்தைய மொழிபெயர்ப்புகளின் வழக்கம். லூத்தர் வேதாகமத்தின் 1984 திருத்தத்திலேயே 'உங்கள் நடுவில்' வந்துவிட்டது. 1995இல் வந்த தமிழ்த் திருவிவிலியம் "இறையாட்சி உங்கள் நடுவேயே செயல்படுகிறது" என்கிறது. ராஜ்யம் போய் ஆட்சி வந்ததையும் பாருங்கள், அது நல்ல மாற்றம் என்பேன். ராஜ்யம் என்றதும் எல்லைக்கல்தான் மனதில் வருகிறது.

அறிஞர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தவிக்கிறார்கள். தமிழ் தேர்ந்தெடுக்கவே இல்லை. உள்ளேயும் நடுவேயும் ஒரே சொல்லில் இருக்கின்றன. பிரித்தது நாங்கள்தான். வசனம் சொல்லும்போது ஒன்று, வேலை சொல்லும்போது இன்னொன்று.

காய்த்த கைகள்

ராஜ்யம் அரசியல் இல்லை என்ற கருத்தே பொய்யா என்றால், இல்லை. அது விலை கொடுத்து வாங்கிய கருத்து. இயேசுவின் காலத்து யூதேயாவில் 'தேவனுடைய ராஜ்யம்' என்பது சும்மா சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை அல்ல. கி.பி. 6இல் ரோமர்கள் வரிக்காகக் குடிமதிப்பு எடுத்தபோது, கடவுளைத் தவிர வேறு அரசன் எங்களுக்கு இல்லை என்று கலிலேயனான யூதாஸ் கலகம் செய்தான். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் தீக்கிரையானது. இவை இரண்டுக்கும் நடுவில் நின்று ஒருவர், அப்பம் தின்ற கூட்டம் தன்னை ராஜாவாக்கப் பிடிக்க வந்தபோது தனியே மலைக்குப் போய்விட்டார். பிலாத்துவிடம் "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்றார். அப்படியிருந்தால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே என்று காரணமும் சொன்னார். ராஜா என்று சிலுவையில் மூன்று மொழியில் எழுதி வைத்தது ரோமைதான்.

இதற்குப்பின் நடந்த ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். நான்காம் நூற்றாண்டுச் சரித்திரக்காரர், செசரியா ஆயர் யூசேபியஸ், பழைய எழுத்தாளர் ஒருவரை மேற்கோள் காட்டிச் சொல்வது. ரோமப் பேரரசர் தொமித்தியனுக்கு (ஆட்சி கி.பி. 81 முதல் 96 வரை) தாவீதின் வம்சம் என்றால் பயம். இயேசுவின் சகோதரன் எனப்படும் யூதாவின் பேரன்மார் இருவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். தாவீது வம்சமா? ஆமாம். சொத்து எவ்வளவு? இருவருக்கும் சேர்த்து 9000 தெனாரி, அதுவும் காசாக இல்லை, 39 பிளெத்ரா (அது ஒரு கிரேக்க நில அளவு) நிலமாக. அதில் நாங்களே உழுது பாடுபட்டு வரியும் கட்டுகிறோம் என்கிறார்கள். திராட்சத்தோட்ட உவமையில் நாள் கூலியாக வரும் 'ஒரு பணம்' இருக்கிறதே, அதுதான் தெனாரி. பிறகு கைகளை நீட்டிக் காட்டுகிறார்கள், வேலை செய்து காய்த்துப்போன கைகள். கிறிஸ்துவின் ராஜ்யம் என்கிறீர்களே, அது எங்கே, எப்போது வரும்? அது இவ்வுலகத்துக்குரியது அல்ல, பரலோகத்துக்குரியது, உலக முடிவில் வெளிப்படும் என்கிறார்கள். பேரரசர் அவர்களை ஒன்றுமில்லாதவர்கள் என்று ஒதுக்கி, விட்டுவிட்டார்.

பல தடவை பிரசங்கத்தில் கேட்ட கதை. இந்தத் தடவை வாசித்தபோது பேரரசரின் முகத்தைத்தான் பார்த்தேன். இவ்வுலகத்துக்குரியது அல்ல என்று கேட்டதும் அவருக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அந்த நிம்மதியை நான் அறிவேன். என் டைரியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் நீட்டிய கைகள் என்னுடையவை இல்லை. வாள் பிடித்தவனைப் பார்த்து, கலப்பை பிடித்தவன் 'என் ராஜ்யம் இங்கே இல்லை' என்று சொன்னால் அது ஒரு பேச்சு. உன் வாள் எனக்கு வேண்டாம், உன்னைக் கண்டும் எனக்குப் பயமில்லை என்று அதற்கு அர்த்தம். முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் நிற்கிறவனைப் பார்த்து அதையே சொன்னால் அது வேறு பேச்சாகிவிடுகிறது. வசனத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இதே யூசேபியஸ் வயதான காலத்தில் இன்னொரு காட்சியையும் எழுதினார். கி.பி. 325, ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தம் ஆட்சியின் இருபதாம் ஆண்டைக் கொண்டாடி ஆயர்களுக்கெல்லாம் விருந்து வைக்கிறார். மெய்க்காவலர் உருவிய வாளோடு வாசலைச் சுற்றி நிற்க, ஆயர்கள் பயமில்லாமல் அவர்கள் நடுவே நடந்து உள்ளறைக்குப் போகிறார்கள். சிலருக்குப் பேரரசரின் பக்கத்திலேயே இடம். கிறிஸ்துவின் ராஜ்யத்தின் சாயலே காட்டப்பட்டது போலவும், நனவு அல்ல, கனவு போலவும் இருந்தது என்று எழுதுகிறார். அவரைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ரோம அரசு கிறிஸ்தவர்களைக் கொன்ற உபத்திரவக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். வாள் தன்னை வெட்டாமல் காவல் நிற்கிறது என்றால் யாருக்குத்தான் கனவு போல இருக்காது? இருந்தாலும், காய்த்த கைகளின் கதையைப் பத்திரப்படுத்தி நமக்குக் கொடுத்த அதே பேனா, ராஜ்யத்தை ஒரு பந்தியின் முதல் வரிசையில் கண்டுபிடித்துவிட்டது.

பவுல் எந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார்

அண்ணாச்சியின் இன்னொரு வசனம் ரோமர் 14:17. "தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல, அது நீதியும் சமாதானமும் பரிசுத்த ஆவியினாலுண்டாகும் சந்தோஷமுமாயிருக்கிறது." இதைத் தனியாகப் பிய்த்து எடுத்தால் சாப்பாட்டுச் சண்டை அற்பம் என்றுதான் தோன்றும். அதிகாரத்தை முழுதாக வாசித்தால் சண்டையே சாப்பாட்டைப் பற்றித்தான். ரோமாபுரிச் சபையில் ஒருவன் எல்லாம் தின்கிறான், ஒருவன் மரக்கறி மட்டும். ஒருவரை ஒருவர் அற்பமாக எண்ணுகிறார்கள். பவுல் இந்த வாக்கியத்தை யாரிடம் சொல்கிறார்? கறி தின்கிற, கை ஓங்கிய பக்கத்திடம். உன் போஜனத்தினாலே உன் சகோதரனை விசனப்படுத்தாதே, நீ விட்டுக்கொடு என்கிறார். விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லாதவனிடம் சொல்லவில்லை. இதே பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது அந்தியோகியாவில் நடந்ததைச் சொல்கிறார்: புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, சிலர் வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொண்டான்; "நான் முகமுகமாய் அவனோடே எதிர்த்தேன்." சாப்பாடு அற்பம் என்று நினைக்கிறவர் பேதுருவிடம் மோதியிருக்க மாட்டார்.

நம்மூர்ச் சரித்திரம் இதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம் என்கிறது. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1872இல் கட்டப்பட்டபோது, இரண்டு சாதித் தரப்பும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பலிபீடத்தைப் பார்க்கும்படி, கால்சட்டை போல இரண்டு கிளையாகப் பிரிந்த கோயில். 1910இல் தடுப்பை இடித்தார்கள். தனி இடம் எங்கள் உரிமை என்று கேட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் கல்லும் சுண்ணாம்புமாக நின்ற நம்பிக்கையும் கிட்டத்தட்ட அண்ணாச்சி சொன்னதுதான்: உள்ளம் ஒன்றாக இருந்தால் போதும், உட்காரும் இடத்தில் என்ன இருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்திருக்கிறது. லூக்காவின் இந்த வசனத்தையே தலைப்பாக்கி டால்ஸ்டாய் ஒரு புத்தகம் எழுதினார். ரஷ்யாவில் தடைசெய்யப்பட்டு, 1894இல் ஜெர்மனியில் வெளிவந்தது. படையையும் நீதிமன்றத்தையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே பார் என்கிற புத்தகம். தென்னாப்பிரிக்காவில் அதைப் படித்து ஆட்டம் கண்டவர் காந்தி. 1910இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே, அவர் நண்பர் காலன்பாக் கொடுத்த 1100 ஏக்கரில், சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. தமிழர்கள் உண்டு, குஜராத்திகள் உண்டு, இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் உண்டு. அங்கே வைத்த ஏற்பாடுகளில் ஒன்றைக் காந்தி எழுதியிருக்கிறார்: ஒரே சமையல், எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உள்ளே இருக்கிறது என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் வந்து சேர்ந்த இடம் ஒரு பந்தி. நான் அதே வசனத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது ஒரு சாய்வு நாற்காலி.

லூக்காவில் 13ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது: "கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலுமிருந்து ஜனங்கள் வந்து, தேவனுடைய ராஜ்யத்தில் பந்தியிருப்பார்கள்." தெற்கிலுமிருந்து! அன்றைக்குக் கூட்டத்தில் இது என் வாயில் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வசனத்துக்கு எதிர்வசனம். அது வந்தது மூன்று நாள் கழித்து, குளித்துக்கொண்டிருந்தபோது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் வாசித்தேன். இரண்டு வாக்கியத்தையும் எழுதியபடியே, கொஞ்சம் நிறுத்தி வாசித்தேன். அண்ணாச்சி கையை நீட்டி நோட்டை வாங்கினார். "ரெண்டு எடத்துலயும் அதே வார்த்தையாலா போட்டிருக்க. ஒண்ண மாத்தி எழுதப்பிடாதா?" என்றார். "எத மாத்தணும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். தலைமையாசிரியர் பழக்கத்தில் சிவப்புப் பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "இருக்கட்டும், வாசி" என்றார். தெருக்காரர்கள் உங்களுக்குள் பேசினார்களா என்று ஐயர் கேட்டார். பேசவில்லை.

அசனத்தன்று பந்தி பற்றி மைக்கில் எந்த அறிவிப்பும் வரவில்லை. மணியடித்ததும் வழக்கம் போல ஆட்கள் உட்கார்ந்தார்கள். தெற்குத் தெருவிலிருந்து ஐந்தாறு பேர், அந்தப் பையனின் அம்மா உட்பட, முதல் பந்தியில் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு குடும்பம் எழுந்து போனது, பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றார்கள். வாளி தூக்குகிறவர்களில் பையன் இல்லை. அண்டா பக்கம் நின்றுகொண்டிருந்தான். முதல் பந்தியில் அண்ணாச்சியின் இடம் காலியாக இருந்தது. யாரோ கூப்பிட்டதற்கு 'பிறகு' என்று சைகை காட்டினார். இரண்டாம் பந்தியிலும் உட்காரவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், வேளை தவறினால் கை நடுங்கும். மணி இரண்டரை இருக்கும், கடைசிப் பந்தியில், ஓரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமா, வேறு எதுவுமா என்று முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குழம்பில் கறி தீர்ந்து கத்தரிக்காய்தான் மிச்சம் இருந்தது. சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து, இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.